உள்ளே போகாமல் எழுதிய அறிக்கை

திங்கட்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். வடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் கூரையைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரை எடுக்கும்போது போன் வந்தது. தெரியாத எண்.

"மேடம், நான் ஃபாரஸ்ட் கார்டு பேசறங்க. காட்டு பங்களாவப் பாக்க நீங்க வந்தப்ப கொடை புடிச்சுகினு கூட வந்தனே, நான்தாங்க."

ஞாபகம் இருந்தது. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். காக்கி உடுப்பு, நனைந்த பூட்ஸ், அதிகம் பேசாத பெண்.

"சொல்லுங்க."

"பங்களாவ இடிக்கச் சொல்லி ஆர்டர் வந்துட்டுதுங்க. வியாழக்கெழம ஜேசிபி வருது. உங்க ரிப்போர்ட்ட வெச்சுதான் ஆர்டர் போட்டிருக்காங்கன்னு ரேஞ்சர் சார் சொன்னாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "ஒண்ணு கேக்கலாமா மேடம்? தப்பா எடுத்துக்கக் கூடாது. அன்னிக்கு நீங்க உள்ளயே போவலியே?"

"வெளியிலேர்ந்து பாத்தாலே தெரியுங்க" என்றேன்.

"சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டு மறந்திருப்பேன்.

கட்டடங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. சிவில் டிப்ளமோ படித்தவள். கடலூரில் இருந்த ஒரு சிறிய தனியார் அலுவலகம் என்னை அனுப்பும். பள்ளிக்கூடம், நூலகம், தண்ணீர்த் தொட்டி, எதுவானாலும் நேரில் போய்ப் பார்த்து, இருக்கலாமா, பழுது பார்க்கலாமா, இடிக்க வேண்டுமா என்று மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கணவர் சுரங்கத்தில் பர்மனென்ட் வேலை. அதனால் குடியிருப்பு நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்.

காட்டு பங்களா என்று எல்லோரும் சொல்வது டவுன்ஷிப்புக்கு வெளியே, முந்திரியும் தைலமரமும் நிற்கிற அரசுக் காட்டுக்குள் இருக்கும் மூன்று கட்டடங்களை. வெள்ளைக்காரன் காலத்தில் காட்டதிகாரிகள் வந்து தங்கக் கட்டிய பங்களா, அதற்குப் பின்னால் தனியாக ஒரு சமையல்கட்டு, கிணற்றின் மேல் ஒரு கொட்டகை. ரோட்டிலிருந்து செம்மண் பாதையில் போக வேண்டும். மழைக்காலத்தில்தான் அங்கே என்னை அனுப்பினார்கள். பாதை முழுக்கத் தண்ணீர். வராந்தாவில் கால் வைத்ததும் மேலிருந்து ஒரு பாளம் காரை என் முன்னால் விழுந்து உடைந்தது. அன்று இன்னும் இரண்டு இடங்கள் பாக்கி. வீட்டில் மகளுக்குக் காய்ச்சல். வெளியே நின்றே நான்கு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். 'கட்டடம் முழுவதும் சிதிலமடைந்து பழுது பார்க்க இயலாத நிலையில் உள்ளது' என்று எழுதினேன். படிவத்தில் 'உட்புறம் ஆய்வு செய்யப்பட்டதா' என்றொரு கட்டம் உண்டு. அதில் 'ஆம்' என்று போட்டுக் கையெழுத்திட்டேன். எழுதும்போது கை தயங்கியதாகக்கூட நினைவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நானே அவளைக் கூப்பிட்டேன். "சாவி இருக்கா? வரேன்."

அவள் வராந்தாவில் காத்திருந்தாள். பூட்டு ஒரே திருகில் திறந்தது. எண்ணெய் போட்டு வைத்திருந்தாள். உள்ளே ஒரு பெரிய கூடம், இரண்டு பக்கமும் ஒவ்வோர் அறை. தரையைப் பெருக்கி வைத்திருந்தாள்.

"நீங்களா பெருக்குறீங்க?"

"ரோந்து வரப்ப இங்கதாங்க உக்காந்து சாப்புடுவேன். மூணு மழை பாத்துட்டேன். கூடத்துல ஒரு சொட்டு ஒழுவல."

ஏணி போட்டு ஏறினேன். கூரையைத் தாங்கி ஏழு தேக்கு உத்திரங்கள். ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டினேன். நல்ல மரம் தட்டினால் கணீரென்று கேட்கும். செத்த மரம் மொத்தென்று கேட்கும். கூடத்தில் ஐந்தும் கணீரென்றே கேட்டன. கிழக்கு அறையிலும் அப்படித்தான். சுவரில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன், விரல் அகலம்கூடச் சாயவில்லை. மேற்கு அறையில் மட்டும் அரசமர வேர் மூலையைப் பிளந்திருந்தது. அங்கே உத்திரத்தின் முனையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். கைப்பிடி வரைக்கும் உள்ளே இறங்கியது. தலைமேல் மண் கொட்டியது.

"எறங்குங்க மேடம்!" என்று கத்தினாள்.

இறங்கி வராந்தாவுக்கு வந்தேன். ஓர் அறை கெட்டிருக்கிறது. மற்றதெல்லாம் நான் குடியிருக்கும் குவார்ட்டர்ஸைவிடத் திடமாக நிற்கிறது. இதை முழுவதும் சிதிலம் என்று எழுதியவள் நான்.

பின்பக்கம் சமையல்கட்டுக்குக் கூட்டிப் போனாள். அதன் வாசலுக்கு ஓரடி முன்னால், செங்கல் தரையின் குறுக்கே கறுப்புக் கல் ஒரு வரிசையாகப் பதித்திருந்தது. மழைத்தண்ணீரைத் தடுக்க வைத்த கல் என்று நினைத்தேன். அவள் சுவரைக் காட்டினாள். பாசிக்கு அடியில் பெயின்ட் எழுத்து. ஈரத்துணியால் துடைத்தாள். 'தண்ணீர் கொண்டு வருகிறவர்கள் கறுப்புக் கல்லைத் தாண்டி வரக் கூடாது.'

"தண்ணி கொண்டாந்தது எங்க ஆளுங்க" என்றாள். "எங்கப்பா சின்ன வயசுல கெணத்துலேர்ந்து எறைச்சுகினு வந்து இந்தக் கல்லுக்கு அந்தாண்ட நின்னுகினு குடத்தச் சாச்சு ஊத்துவாராம். இந்தாண்ட ஒருத்தரு அண்டாவ வெச்சுப் புடிப்பாராம். சிந்திடுச்சுன்னா அடி."

நான் கேட்டேன். "அப்ப இது இடிஞ்சா உங்களுக்கு நல்லதுதானே?"

"நாளைக்கு என் பொண்ணு வந்து, அதெல்லாம் சும்மா சொல்றீங்கன்னு கேட்டா? நான் எதக் காட்டறது?" என்றாள். "இது இருக்கணும் மேடம். அழகா இருக்குன்னு இல்ல. நடந்துச்சுன்னு தெரியறதுக்கு."

அன்று பிற்பகல் கணவர் முதல் ஷிப்ட் முடிந்து வந்தார். சாப்பாடு வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நீ எழுதினத நீயே தப்புன்னு எழுதித் தரப் போறியா?"

"ஆமா."

"உள்ள போகலன்னும் எழுதுவியா?"

"அது எழுதாம இது எப்படி எழுத முடியும்?"

"அதோட உன்னை யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க. யோசிச்சுக்கோ." அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

அலுவலக முதலாளிக்குப் போன் போட்டேன். வயதானவர், என்னிடம் எப்போதும் மரியாதையாகப் பேசுகிறவர். "விட்டுடுங்கம்மா. காட்டுக்குள்ள யாரும் பாக்காத கட்டடம். நீங்க உள்ள போகலன்னு ஒரு தடவ எழுதிட்டீங்கன்னா, நீங்க எழுதுன எல்லா ரிப்போர்ட்டையும் எடுத்து வெச்சுக் கேப்பாங்க. பதில் சொல்ல முடியுமா?"

போனை வைத்தேன். உள்ளே போகாமல் 'ஆம்' போட்டது இது ஒன்றுதானா? உட்கார்ந்து யோசித்தேன். இல்லை. இன்னும் இரண்டு இருந்தன. ஒன்று சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு தானியக் கிடங்கு. சாவி கிடைக்காததால் ஜன்னல் வழியாகப் பார்த்தது. இன்னொன்று ஒரு கிராமத்து நூலகம். இரண்டுக்கும் 'இருக்கலாம்' என்று எழுதியிருந்தேன். நூலகத்துக்குள் தினமும் ஆட்கள் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

கடிதத்தை அன்றே எழுதினேன். பங்களா, கிடங்கு, நூலகம் மூன்றையும் குறிப்பிட்டே எழுதினேன். புதன்கிழமை பத்து மணிக்கு ரேஞ்சர் அலுவலகத்தில் நேரில் கொடுப்பதாகத் திட்டம்.

புதன் காலை எட்டே காலுக்கு, மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது போன்.

"மேடம், ஜேசிபி வந்துட்டுது! நாளைக்கு மழைன்னு இன்னிக்கே கொண்டாந்துட்டாங்க. ரேஞ்சர் சாருக்குப் போன் போவல, கடலூர்ல மீட்டிங்காம். கெணத்துக் கொட்டாய தள்ளிட்டாங்க."

ஒரு பக்கம் பின்னிய தலையோடு மகளைப் பக்கத்து வீட்டில் விட்டேன். சுரங்கத்தில் ஆட்களை இறக்கிவிட்ட பஸ்கள் காலியாகத் திரும்பிவரும் ரோட்டில், லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் போனேன். செம்மண் பாதையில் திரும்பியதுமே இன்ஜின் சத்தம் கேட்டது. பிறகு செங்கல் சரிகிற சத்தம். பாதையில் ஒரு பள்ளத்தில் வண்டி சாய்ந்து முழங்கை சிராய்ந்தது. வீட்டுக்கு வந்து உடை மாற்றும்போதுதான் அது தெரிந்தது.

கொட்டகை இல்லை. கிணற்றைச் சுற்றி உடைந்த ஓடுகளும் கழிகளும் குவியலாகக் கிடந்தன. சமையல்கட்டின் ஒரு சுவரில் பாதி போயிருந்தது. ஜேசிபி இப்போது பங்களாவைப் பார்த்துத் திரும்பி நின்றது. வராந்தாப் படியில், தூணில் முதுகைச் சாய்த்து அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் ரோந்துக் கழி. முகமெல்லாம் தூசி. முன்னால் காண்டிராக்டரின் ஆள் கத்திக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, கவர்மென்ட் ஆர்டர இங்க வெச்சிருக்கேன். கவர்மென்ட் வேலைல இருந்துகினு நீயே மறிக்கிற. உன் வேலை போயிடும், தெரியுமா?"

"ரேஞ்சர் சார் வரட்டுங்க. அவரு சொன்னா நவுந்துடறேன்."

நான் குறுக்கே போய் நின்றேன். "அந்த ஆர்டர் என் ரிப்போர்ட்ட வெச்சுப் போட்டது. அந்த ரிப்போர்ட் தப்பு. நான் உள்ள போகாமலே எழுதிட்டேன்."

முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். அங்கே ஆறேழு பேர் இருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காண்டிராக்டரின் ஆள் சிரித்தார்.

"நல்லா இருக்கும்மா உங்க வேலை. அன்னிக்கு இடின்னு சொன்னீங்க, இன்னிக்கு இடிக்காதன்றீங்க. நாளைக்கு என்னா சொல்லுவீங்க? டிரைவர், நீ எடுப்பா."

ஜேசிபியின் கை உயர்ந்தது. கார்டு தூணை விட்டு நகரவில்லை. அவளைத் தனியாக நிற்க விட்டுவிட்டு நான் வெளியே பேசிக்கொண்டிருப்பது எனக்கே கேவலமாக இருந்தது. படியேறி, கதவைத் தள்ளி, உள்ளே போனேன். கூடத்தின் நடுவில், மூன்றாவது உத்திரத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு கத்தினேன்.

"நான் உள்ள இருக்கேன்!"

அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் அதிர்வு பாதத்தின் வழியாக மேலேறி வந்தது. ஒவ்வொரு உறுமலுக்கும் உத்திரத்துக்கும் செங்கலுக்கும் நடுவே இருந்து மெல்லிய தூசி இறங்கியது. முந்தின நாள் தட்டிப் பார்த்த அதே உத்திரம். கணீரென்று கேட்டது. ஆனால் கேட்டது என் காதுதானே? தப்பாகக் கேட்டிருந்தால்? பதினெட்டு வருஷமாக எத்தனையோ கூரைகளுக்கு 'இருக்கலாம்' என்று எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒன்றின் கீழாவது இப்படி, அது விழுந்தால் நான் சாவேன் என்று நினைத்து நின்றதில்லை. மகளின் பாதிப் பின்னல் ஞாபகம் வந்தது. ஒரு செபம் சொல்லத் தொடங்கினேன், பாதியில் வார்த்தை மறந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து தினமும் சொல்வது.

இன்ஜின் நின்றது.

வெளியே டிரைவரின் குரல் கேட்டது. "ஆளு உள்ள இருக்கறப்ப நான் ஓட்ட மாட்டங்க. ஆர்டர் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. எனக்கும் புள்ளைங்க இருக்குது." இறங்கிப் போய் முந்திரி மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். அவர் அப்படி இறங்கியிருக்காவிட்டால் இந்தக் கதை எப்படி முடிந்திருக்கும் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

அரைமணி கழித்து ரேஞ்சர் போனில் கிடைத்தார். பதினோரு மணிக்கு மேல் ஜீப்பில் வந்தார். ஜீப்பின் பானெட்மேல் வைத்து என் கடிதத்தை இரண்டு முறை படித்தார். கிடங்கையும் நூலகத்தையும் பற்றிய பத்தியில் அவர் விரல் நின்றது.

"ஒரே ஆளு ஒரே கட்டடத்துக்கு ரெண்டு ரிப்போர்ட் எழுதினா நான் எத மேடம் நம்பறது?"

"ரெண்டாவது சார். முதல்ல எழுதும்போது நான் வெளிய நின்னேன்."

அவர் பங்களாவுக்குள் போனார். ஒவ்வோர் அறையாகப் பார்த்துவிட்டு வந்தார். பின்பக்கம் போய், கறுப்புக் கல்லையும் அந்தப் பாதிச் சுவரையும் பார்த்துவிட்டு வந்து, காண்டிராக்டரின் ஆளிடம், "வண்டிய எடுத்துட்டுப் போங்க. வேற ஆளு வெச்சுப் பாக்கணும். நான் எழுதிக்கறேன்" என்றார். பிறகு கார்டைப் பார்த்து, "அடுத்த தடவ போன் போகலன்னா ஆபீஸ்ல யாருக்காவது சொல்லும்மா. இப்படி ஒத்தையா நிக்காத" என்றார். அவள் "சரிங்க சார்" என்றாள். அதுவரைக்கும் கல்லாக நின்றவள், ஜேசிபி பாதை திரும்பியதும் படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வேறு ஊரிலிருந்து ஓர் இன்ஜினீயரிங் கல்லூரிப் பேராசிரியர் வந்து பார்த்தார். கூடமும் கிழக்கு அறையும் நன்றாக இருக்கின்றன, மேற்கு அறையைப் பத்திரமாகப் பிரித்து இறக்கிவிட வேண்டும் என்று எழுதினார். இடிக்கும் உத்தரவை நிறுத்தி வைத்தார்கள். கடிதத்தில் இருந்த மற்ற இரண்டையும் போய்ப் பார்த்தார்கள். தானியக் கிடங்கில் குறை ஒன்றும் இல்லை. நூலகத்தில் இருந்தது. படிக்கும் மேசைக்கு நேர் மேலே தளத்தின் கம்பி துருப்பிடித்து உதிர்ந்து, காரை ஒன்றுதான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. மறுநாளே பூட்டிவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தச் செய்தி எனக்கு வந்த அன்று நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்தவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பங்களாவைக் காப்பாற்றியதாக யாராவது என்னைப் புகழ்ந்தால் இந்த நூலகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் அது இன்னொரு பொய் அறிக்கை.

அலுவலகத்தில் இனி வர வேண்டாம் என்றார்கள். முதலாளி நேரில் கூப்பிட்டு, வருத்தமாகத்தான் சொன்னார். நான் வாதாடவில்லை. நான்கு மாதம் சும்மா இருந்தேன். கணவர் அந்த நாட்களில் ஒரு தடவைகூட 'அப்பவே சொன்னேன்' என்று சொல்லவில்லை. ஓர் ஆஃப் நாளில், "எந்தக் கட்டடம்னு காட்டு, பாக்கலாம்" என்று அவரே வண்டியை எடுத்தார். இப்போது குள்ளஞ்சாவடியில் வீடு கட்டிக் கொடுக்கும் ஒருவரிடம் சைட் வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன்.

சமையல்கட்டுச் சுவரில் எழுத்தின் முன்பாதி ஜேசிபியோடு போய்விட்டது. மிச்சம் இருப்பது 'தாண்டி வரக் கூடாது' மட்டும். "யாரு வரக் கூடாதுன்றது இல்லாமப் போச்சு பாருங்கக்கா" என்றாள் அவள். மேடம் எப்போது அக்கா ஆனது என்று தெரியவில்லை. நான் முதல் தடவை எடுத்த போட்டோவில் முழுச் சுவரும் இருக்கிறதா என்று தேடினேன். நான்கும் முன்பக்கம் எடுத்தவை. செவ்வாய்க்கிழமை எடுத்த போட்டோக்களில் ஒன்றில் முழு எழுத்தும் இருந்தது, கொஞ்சம் மங்கலாக. படிக்க முடிகிறது. அதைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு ரேஞ்சரிடம் கொடுத்தோம்.

அவளுடைய அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. மகள் ஜேசிபிக்கு முன்னால் நின்றாள் என்று கேள்விப்பட்டு இரண்டு நாள் அவளோடு பேசவே இல்லையாம். "நான் சாவறதுக்குள்ள அது வுழுந்து பாத்திருப்பேன். நீ கெடுத்துட்ட" என்றாராம். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

பொங்கல் முடிந்து ஒருநாள் அவர் தானாகவே முந்திரிக் காட்டு வழியாக நடந்து வந்தாராம். அவள் கதவைத் திறந்து விட்டிருக்கிறாள். செருப்பைக் கழற்றாமலே கூடத்துக்குள் போய், மேலே பார்த்து, கீழே பார்த்து, இரண்டு அறையையும் எட்டிப் பார்த்திருக்கிறார்.

"என்ன சொன்னாரு?" என்றேன்.

"இவ்ளோதானான்னாரு. அப்புறம் வூட்டுக்குப் போலான்னாரு. அவ்ளோதாங்கக்கா."

மேற்கு அறையை இறக்கிவிட்டார்கள். திறந்த பக்கத்தில் தகரம் அடித்திருக்கிறது. காட்டைப் பார்க்க வருகிறவர்களுக்காகப் பலகை வைக்கப் போகிறார்கள். அதில் என்ன எழுதுவது என்று ரேஞ்சர் எங்கள் இருவரையும் கேட்டார். கட்டிய அதிகாரியின் பெயர் வேண்டுமா, கூரையைப் பற்றி வேண்டுமா என்றார். அவள், கறுப்புக் கல்லைப் பற்றி எழுத வேண்டும், தண்ணீர் கொண்டுவந்தவர்கள் யார் என்றும் எழுத வேண்டும் என்றாள். அவர் குறித்துக்கொண்டார். மேலே அனுப்பிக் கேட்க வேண்டும் என்றார். பதில் இன்னும் வரவில்லை. இந்த மழைக்கு முன்னால் கிழக்குச் சுவரில் இருக்கும் ஒரு சின்ன விரிசலை அடைக்க வேண்டும். சனிக்கிழமை போகிறேன்.